ஊசிமுனையில் நின்று சில பதில்கள்

அக்குபங்சர், சீன மருத்துவம் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி முழங்காலைப் பற்றியவை, மீதி பயத்தைப் பற்றியவை. நான் மருத்துவன் அல்லன். இடது தோள் இறுகிப்போய், சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாதமும் ஒரு சீன மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டவன். பட்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கே: ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். அக்குபங்சர் வலிக்குமா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

ப: நீங்கள் பயப்படும் ஊசி வேறு, அம்மா. இரத்தம் எடுக்கும் ஊசி உள்ளே துளையுள்ள குழாய், சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன். அக்குபங்சர் ஊசியில் துளையே கிடையாது, மருந்தும் ஏறாது. வழக்கமாக 0.25 மில்லிமீட்டர்தான், இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்துப் பிடித்த அளவு. தோலுக்குள் போகும்போது எறும்பு கடித்தாற்போல ஒரு சுருக். அதற்குப் பிறகு வருவதுதான் புதிது. அந்த இடம் கனக்கும், மதமதக்கும், சிலருக்கு உள்ளுக்குள் ஏதோ ஓடுவதுபோல இருக்கும். சீனத்தில் இதற்குத் 'தேசி' என்று பெயர். அது வந்தால்தான் ஊசி இடம் சேர்ந்தது என்று மருத்துவர் நினைப்பார். சுள்ளென்று கூர்மையாக வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். சொன்னால் எடுத்துவிட்டு மாற்றிப் போடுவார். வெறும் வயிற்றோடு போகாமல், படுத்தபடியே போட்டுக்கொண்டால் மயக்கம் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

கே: முதல் நாள் போனால் என்னென்ன நடக்கும்? ஒன்றும் தெரியாமல் போய் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. (பேருந்து ஓட்டுநர், ஜூரோங், சிங்கப்பூர்)

ப: முதலில் ஊசி இல்லை, கேள்விதான். எனக்குத் தோளில் வலி. மருத்துவரோ தோளைத் தொடவே இல்லை. தூக்கம் எப்படி, இரவில் வியர்க்கிறதா, தாகம் எடுத்தால் வெந்நீர் கேட்கிறதா குளிர்ந்த நீரா, மலம் இறுகுமா இளகுமா, கால் சில்லிடுமா என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குச் சற்று எரிச்சல்தான் வந்தது. பிறகு தெரிந்துகொண்டேன், இது அவர்கள் பாடத்திலேயே இருக்கும் 'பத்துக் கேள்விகள்' மரபு. மிங் காலத்து மருத்துவர் சாங் ஜியேபின் இதைப் பாட்டாகவே கட்டி வைத்திருக்கிறார்.

அதன்பின் நாக்கை நீட்டச் சொல்வார், இரண்டு கையிலும் நாடி பார்ப்பார். பிறகு படுக்கை. தோள்வலிக்குக் காலில் ஊசி போட்டால் வியப்படையாதீர்கள். எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்று போட்டுவிட்டுக் கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஒன்பது. ஊசி உடம்பில் இருக்கும் நேரம் இருபது முதல் முப்பது நிமிடம். அந்த நேரத்தில் பலர் தூங்கிவிடுகிறார்கள், நானும் தூங்கினேன். எடுக்கும்போது எடுத்தது தெரியாது, ஒரு துளி இரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அழுத்துவார். முதல் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் மேலே ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த உடை போதும். நீங்கள் வண்டி ஓட்டுபவர் என்பதால் ஒன்று: முதல் தடவை முடிந்ததும் சிலருக்குக் கிறுகிறுப்பு இருக்கும். அன்று வேலை நேரத்துக்கு முன்னால் போகாதீர்கள், வேலை முடிந்து போங்கள்.

கே: நாடி பார்ப்பது நம் சித்த மருத்துவத்தில் இருப்பதுதானே? (சித்த மருத்துவ மாணவி, பாளையங்கோட்டை)

ப: பிடிக்கும் விரல் மூன்று என்பது பொது, படிக்கும் பாடம் வேறு. உங்கள் ஆசிரியர் ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று பார்ப்பார். சீன மருத்துவர் ஒவ்வொரு விரலடியிலும் ஓர் உறுப்பைத் தேடுவார். இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். சூடு, குளிர்ச்சி என்ற கணக்கிலும் நாமும் அவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள். மாம்பழம் சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி என்று உங்கள் பாட்டி சொன்னதை ஒரு சீனப் பாட்டியும் சொல்வார்.

கே: நாக்கைப் பார்ப்பதற்காக ஏதாவது ஆயத்தம் வேண்டுமா? (இல்லத்தரசி, ஈப்போ)

ப: ஒன்றும் வேண்டாம், அதுதான் ஆயத்தம். அன்று காலை நாக்கை வழிக்காதீர்கள். போகும் வழியில் காப்பி, மஞ்சள் சாயமுள்ள மிட்டாய் வேண்டாம். நாக்கின் மேல் படிந்திருக்கும் மாவைத்தான் அவர் படிக்கப் போகிறார், நீங்கள் குடித்த காப்பியை அல்ல.

கே: ஒரே ஊசியில் குணமாகுமா? (தையல் தொழிலாளி, திருப்பூர்)

ப: ஒரே தையலில் சட்டை முடியுமா? நாள்பட்ட வலிக்கு வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை, ஆறு முதல் பன்னிரண்டு தடவை என்பது உலகெங்கும் வழக்கம். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாளில் 12 தடவைக்குப் பணம் தருகிறது. தேறினால் இன்னும் 8, தேறவில்லை என்றால் நிறுத்து என்பது அவர்கள் விதி. அந்தக் கணக்கை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு தடவைக்குள் கொஞ்சமும் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். முப்பது தடவைக்கு முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் கட்டாதீர்கள்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இது வேலை செய்கிறதா, இல்லை மனப்பிரமையா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

ப: பொறியாளருக்கு எண்ணிலேயே சொல்கிறேன். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு பகுதிக்குப் பாவனை ஊசி: புள்ளி அல்லாத இடத்தில், மேலோட்டமாக. மூன்றாவது பகுதிக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், பாவனை ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். முடிவு வெளியான ஆண்டு 2007.

இந்த மூன்று எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஆதரிப்பவர் 47-ஐயும் 27-ஐயும் காட்டுவார். எதிர்ப்பவர் 47-ஐயும் 44-ஐயும் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு உதவி கிடைத்தது உண்மை, ஊசி எந்த இடத்தில் விழுந்தது என்பது நூல்கள் சொல்லும் அளவுக்கு முக்கியமாக இருக்கவில்லை என்பதும் உண்மை. பின்னால் 39 ஆய்வுகளைச் சேர்த்து 20,827 நோயாளிகளின் விவரங்களை அலசி 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. இடுப்பு, கழுத்து, முழங்கால், தலைவலி போன்ற நாள்பட்ட வலிகளில் பாவனை ஊசியைவிட உண்மையான ஊசிக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு, ஓராண்டு கழித்தும் அது பெரும்பாலும் நிற்கிறது என்பது அதன் முடிவு.

அந்தக் 'கொஞ்சம்' போதுமா என்பதில் அரசுகளே ஒத்துப்போகவில்லை. ஜெர்மனி 2007-இல் இடுப்புக்கும் முழங்காலுக்கும் காப்பீட்டில் சேர்த்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு இடுப்பு வலிக்கு 2009-இல் பரிந்துரைத்துவிட்டு 2016-இல் திரும்பப் பெற்றது. ஆனால் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கப் பத்துத் தடவை வரை பார்க்கலாம் என்ற அதன் பரிந்துரை 2012-இல் வந்தது. என் தீர்ப்பைக் கேட்டால்: நாள்பட்ட வலிக்கு முயன்று பார்க்கத் தகுந்தது, பக்கவிளைவு குறைவு, அற்புதம் அல்ல. என் தோள் ஏழாவது தடவைக்குப் பிறகு சட்டை போடும் அளவுக்குத் தளர்ந்தது. அது ஊசியாலா, காலத்தாலா, தினமும் செய்த பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கே: வலியைத் தவிர வேறு எதற்கு? (மருந்தக உரிமையாளர், சேலம்)

ப: அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டலுக்கு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1997-லேயே இதை ஏற்றது. புள்ளியின் பெயர் 'நெய்குவான்'. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவில். விரலால் அழுத்தினாலும் சிலருக்குப் பேருந்துக் குமட்டல் அடங்குகிறது. காசு செலவில்லாதது, செய்து பாருங்கள்.

கே: ஐ.வி.எஃப். செய்துகொள்ளப் போகிறோம். கூடவே அக்குபங்சரும் செய்தால் குழந்தை நிச்சயம் என்கிறார்கள். (பெயர் வேண்டாம், சென்னை)

ப: நிச்சயம் என்ற சொல்லை இந்த விஷயத்தில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அம்மா. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. அக்குபங்சர் செய்துகொண்டவர்களில் 18.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, பாவனை ஊசி போட்டவர்களில் 17.8 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம். மனம் அமைதிப்படுகிறது என்றால் போய் வாருங்கள். அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

கே: உடம்பில் 'சி' என்ற ஆற்றல் ஓடுகிறதாமே, எந்தக் கருவியிலாவது தெரியுமா? (பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்)

ப: தெரியவில்லை, தம்பி. பன்னிரண்டு முதன்மை ஓடைகள், 361 புள்ளிகள் என்று உலக சுகாதார அமைப்பு பெயர் சூட்டி வரிசைப்படுத்தியிருக்கிறது. அது மருத்துவர்கள் ஒரே பெயரில் பேசிக்கொள்வதற்கு, ஓடையைக் கண்டுவிட்டோம் என்பதற்கு அல்ல. வெட்டிப் பார்த்தால் நரம்பும் இரத்தக் குழாயும் தெரிகின்றன, ஓடை தெரிவதில்லை. ஆனால் குத்தினால் உடம்பில் ஒன்றும் நடப்பதில்லை என்று நினைத்துவிடாதே. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடலியல் அறிஞர் 1965 முதல் இதை ஆராய்ந்தார். ஊசி தூண்டும்போது மூளையே வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின்களை விடுவிக்கிறது என்பது அவருடைய ஆய்விலும் மற்றவர்கள் ஆய்விலும் தெரிந்தது. எண்டார்ஃபினைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்தால் அந்த வலிநிவாரணம் குறைந்ததையும் 1970-களில் பார்த்தார்கள். பழைய விளக்கம் தவறாக இருந்து, செயல் ஓரளவு பலிப்பது மருத்துவ வரலாற்றில் பல முறை நடந்திருக்கிறது. நீ பிளஸ் டூ முடித்துவிட்டு இதைப் படிக்கலாம், இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

கே: இந்தக் கலையைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் நம் போகர்தானே? (அர்ச்சகர், பழநி)

ப: போகர் சீனாவுக்குப் போனார் என்றும் சொல்வார்கள், சீனாவிலிருந்து வந்தார் என்றும் சொல்வார்கள். இரண்டும் மரபு, ஐயா. மரபை நான் மதிக்கிறேன். ஆனால் காலம் குறிக்கக்கூடிய சான்று எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஊசி மருத்துவத்துக்குச் சீன மண்ணில்தான் இருக்கிறது. கி.மு. 168-இல் மூடிய மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் ஓடைகள் இருக்கின்றன, சூடு வைப்பது இருக்கிறது, ஊசி இல்லை. அடுத்த ஒரு நூற்றாண்டு அளவில் உருவான 'மஞ்சள் பேரரசரின் உள்நூ'லில் ஊசி வந்துவிடுகிறது. 'ஐயாயிரம் ஆண்டு' என்று விளம்பரப் பலகையில் போடுவதும் இதனால் சரியில்லை, இரண்டாயிரமே பெருமைக்குப் போதும். தமிழருக்கும் சீனருக்கும் போக்குவரத்து இருந்ததற்குக் கல்லிலேயே சான்று உண்டு: சீனத்துச் சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சிவன் கோயிலுக்காக வெட்டியது. கப்பலில் மிளகு போன வழியில் மருத்துவ அறிவும் போய் வந்திருக்கலாம். யார் குரு, யார் சீடர் என்று தீர்ப்பெழுத அது போதாது. குமரி மாவட்டத்து வர்மம் 108 இடங்களைச் சொல்லும் தனிக் கலை. அதற்குச் சீனத்தின் சான்றிதழ் வேண்டியதில்லை, சீனத்துக்கும் நம்முடையது வேண்டியதில்லை.

கே: அப்படியானால் குழந்தைக்குக் காது குத்துவதும் அக்குபங்சர் இல்லையா? (தாத்தா, அறந்தாங்கி)

ப: இல்லை, ஐயா. அக்குபங்சர் ஊசி அரை மணியில் வெளியே வந்துவிடும். தாய்மாமன் மடியில் குத்திய காது ஆயுசுக்கும் இருக்கும். பேரனுக்குக் குத்துங்கள், கிருமி நீக்கிய ஊசியால் குத்துங்கள், விருந்து போடுங்கள். கண்பார்வை கூடும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கே: சீனாவில் எல்லாரும் இதைத்தான் நம்பியிருந்தார்களா? இந்தியாவுக்கு எப்படி வந்தது? (வரலாற்று ஆசிரியர், விருதுநகர்)

ப: உங்கள் வகுப்பில் சொல்லவேண்டிய கதை இது. சோங் அரசில் 1027-இல் வாங் வெய்யி என்பவர் புள்ளிகளைத் துளையிட்ட வெண்கல மனிதனை வார்த்தார். மேலே மெழுகைப் பூசி உள்ளே நீரை நிரப்பித் தேர்வு வைப்பார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் வரும், தவறினால் வராது. அப்படி வளர்த்த கலையை 1822-இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தை விட்டு வெளியேற்றினார். 1929-இல் கோமிண்டாங் அரசு சீன மருத்துவத்தையே ஒழிக்கப் பார்த்தது, மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் கொதித்தெழுந்து தடுத்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபோது கோடிக்கணக்கான மக்களுக்கு ஆங்கில மருத்துவர்கள் போதவில்லை. மாவோ அரசு பழைய வைத்தியர்களை ஒருங்கிணைத்துக் கல்லூரிகள் கட்டியது. இன்று நாம் 'பாரம்பரியச் சீன மருத்துவம்' என்று ஒரே பெயரில் சொல்லும் பாடத்திட்டம் 1950-களில் ஒழுங்குபட்டதுதான்.

மேற்கே கதவு திறந்தது 1971-இல். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மயக்க மருந்து இல்லாமல் வெறும் ஊசியில் அறுத்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள், தவறு. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்துதான் கொடுத்தார்கள். மறுநாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி போட்டார்கள், ஒரு மணி நேரத்தில் இலேசானது என்று அவரே எழுதினார். இந்தியாவுக்கோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே வந்துவிட்டது. 1938-இல் டாக்டர் கோட்னிஸோடு சீனப் போர்முனைக்குப் போன மருத்துவக் குழுவில் ஒருவரான விஜயகுமார் பாசு, பின்னாளில் மறுபடி சீனா சென்று இதைக் கற்று 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். கூட்டாளி கோட்னிஸ் சீன மண்ணிலேயே இறந்துபோனார். போர்க்காலத் தோழமை கொண்டுவந்த கலை இது என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருகிறது.

கே: அம்மா முதுகில் வட்ட வட்டமாகக் கருஞ்சிவப்புத் தழும்புகளோடு வந்தார். அடித்தார்களா? (மகள், கிள்ளான்)

ப: கோப்பை வைத்திருக்கிறார்கள், கப்பிங். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்த அதே வட்டங்கள். கோப்பைக்குள் காற்று குறையும்போது தோல் மேலெழும்பி நுண் இரத்தக் குழாய்கள் கசிகின்றன, அதனால் வரும் நிறம். ஒரு வாரம், பத்து நாளில் மறையும். 'கெட்ட நச்சு வெளியேறிவிட்டது' என்று சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். கசிந்தது அம்மாவின் சொந்த இரத்தம்தான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கோப்பை கூடாது.

கே: புகை போடுகிறார்களே, அது என்ன? (தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர், ஹட்டன்)

ப: நம் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த செடியின் இலையைக் காயவைத்து இடித்துச் சுருட்டி, தோலுக்கு அருகில் கனலவிடுவது. சீனத்தில் அக்குபங்சருக்குச் 'சென்ஜியூ' என்று பெயர். சென் ஊசி, ஜியூ இந்தச் சூடு. ஆங்கிலப் பெயரில் சூடு விட்டுப்போய் ஊசி மட்டும் தங்கிவிட்டது. சூடு இதமாக இருக்கவேண்டும், சுடக்கூடாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவர் என்றால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தீப்புண் பட்டாலும் தெரியாது.

கே: மாண்டரின் தெரியாத எனக்குச் சிங்கப்பூரில் சீன மருத்துவம் சரிப்படுமா? (வீட்டுப் பணிப்பெண், தோ பாயோ)

ப: தாராளமாக. அங்கே சீன மருத்துவர்கள் அரசு வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும் என்பது சட்டம். பெயரைச் சொல்லிப் பதிவேட்டில் பார்க்கலாம். 1867-இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்த்துவரும் இடம். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே பையில் எடுத்துப் போங்கள். மொழி தெரியாவிட்டாலும் அட்டை பேசும்.

கே: சீனக் கடையில் கறுப்பாக ஒரு கஷாயம் கொடுத்தார்கள். மூலிகைதானே, பயமில்லையே? (கணக்காளர், பினாங்கு)

ப: எட்டிக்காயும் மூலிகைதான். உங்கள் பொட்டலத்தில் இஞ்சி, பட்டை, அதிமதுரம், பேரீச்சைபோல் இருக்கும் சீன இலந்தை எல்லாம் இருக்கும். பாதி நம் அஞ்சறைப் பெட்டி. ஆனால் அந்த அதிமதுரத்தையே நாள்கணக்கில் அதிகம் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தான்ஷென், தாங்குய் என்ற இரண்டு வேர்கள் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து, இரத்தம் கட்டாமல் ஒழுகும்.

பெரிய பாடம் பிரஸ்ஸல்ஸில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்க ஒரு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையில், போடவேண்டிய வேருக்குப் பதில் சீனப் பெயரில் அதைப் போலவே ஒலிக்கும் வேறொரு வேர் கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு பெயர்க் குழப்பம்தான் காரணம். ஆகவே பெயர் ஒட்டாத பொட்டலத்தை வாங்காதீர்கள். 'மூன்றே நாளில் மூட்டுவலி பறந்தது' என்று யாராவது ஒரு குளிகையைப் புகழ்ந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்து எச்சரித்திருக்கிறார்கள்.

கே: இவ்வளவு சொல்கிறீர்கள். சீன மூலிகையில் நல்லது ஒன்றுமே இல்லையா? (கல்லூரி மாணவி, யாழ்ப்பாணம்)

ப: ஒரு நோபல் பரிசு இருக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில், 1967-இல், மலேரியாவுக்கு மருந்து தேடச் சீனா ஒரு இரகசியத் திட்டம் தொடங்கியது. அதில் தூ யூயூ என்ற பெண் அறிஞர் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பில், சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. காய்ச்சு என்று இல்லை! கொதிக்கவைப்பதுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தெடுத்தார், 1971-இல் பலித்தது. அதுதான் ஆர்டிமிசினின், எத்தனையோ இலட்சம் குழந்தைகளைக் காப்பாற்றிய மருந்து. 2015-இல் நோபல். பழைய ஏட்டை மதித்துப் படித்தார், படித்ததைச் சோதித்தார், முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். சித்த ஏடுகளுக்கும் இப்படி ஒருவர் வரவேண்டும், மகளே. அது நீங்களாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

கே: கடல்குதிரையைக் காயவைத்துச் சீன மருந்துக்கு என்று வாங்குகிறார்கள். தப்பா? (மீனவர், தொண்டி)

ப: சட்டப்படி குற்றம், ஐயா. 2001 முதல் கடல்குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டத்தில் தடை. வாங்குபவன் தப்பிவிடுவான், வலையோடு நிற்பவர் நீங்கள். காண்டாமிருகக் கொம்பைச் சீன அரசே 1993-இல் தடை செய்தது. எறும்புத்தின்னிச் செதிலை 2020-இல் தன் மருந்துநூல் பட்டியலிலிருந்து நீக்கியது. கடல்குதிரையைத் தின்று ஆண்மை கூடியதற்குச் சான்று இல்லை. பாக் நீரிணையில் அது குறைந்துவருவதை உங்கள் வலையே சொல்லும்.

கே: ஊசியால் ஆபத்தே கிடையாதா? (செவிலியர், வேலூர்)

ப: அரிது, ஆனால் உண்டு. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்ததில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பேருக்குச் சிறு தொல்லை: இரத்தக் கசிவு, கன்றிய தழும்பு, வலி. நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்று புகுந்தது இரண்டு பேருக்கு. மார்பு, தோள்மேட்டுப் பகுதியில் போட்டபின் மூச்சு வாங்கினால் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். ஊசியை உறையிலிருந்து உங்கள் கண் முன் பிரிக்கவேண்டும், பயன்படுத்தியபின் அழிக்கவேண்டும். மின்னூசி என்றால் இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லவேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே. கட்டைவிரல் கவட்டையிலும் கணுக்காலுக்கு மேலேயும் உள்ள இரண்டு புள்ளிகளை அவர்களுக்குத் தவிர்ப்பது பழைய மரபு.

கே: எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு மாதம் வகுப்புக்குப் போய்விட்டு 'ஹீலர்' பலகை மாட்டிவிட்டார். நல்லவரை எப்படித் தெரிந்துகொள்வது? (குடியிருப்போர் சங்கச் செயலாளர், திருச்சி)

ப: மத்திய அரசு 2019-இல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. மேற்கு வங்கம் 1996-லேயே தனிச் சட்டம் இயற்றியது, மகாராஷ்டிரம் பிறகு இயற்றியது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள், எதில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல சிகிச்சையாளர் உங்கள் பரிசோதனை அறிக்கையைப் பார்ப்பார். 'இது என் கையில் இல்லை, மருத்துவமனைக்குப் போங்கள்' என்று சொல்லத் தெரிந்திருப்பார். என் தோளுக்கு ஊசி போட்டவர் முதல் நாளே எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். 'எல்லா நோய்க்கும் ஒரே தொடுதல், பரிசோதனையே பொய், மாத்திரைதான் நோய்' என்று பேசுபவர் வீட்டுப் படியை விட்டு இறங்கிவிடுங்கள்.

கே: தம்பிக்கு 16 வயது, ஆறு வயதிலிருந்து சர்க்கரை, இன்சுலின் போடுகிறான். ஒரு சிகிச்சையாளர் விரலால் தொட்டுவிட்டு 'இன்சுலினை நிறுத்து, கணையம் விழித்துக்கொள்ளும்' என்றார். நான்கு நாளாக நிறுத்தியிருக்கிறோம். வாந்தி வருகிறது. அது கழிவு வெளியேறுவது என்கிறார். சரியா? (அக்கா, மதுரை மாவட்டம்)

ப: உங்கள் கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால் படித்த அதே நிமிடம் அழைத்துப் பேசிவிட்டோம். தம்பி அன்று இரவே மருத்துவமனையில் சேர்ந்தான் என்று சொன்னீர்கள். இதை அச்சிடுவது மற்ற வீடுகளுக்காக.

இந்த வகைச் சர்க்கரையில் கணையம் தூங்கவில்லை, இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துவிட்டன. ஊசியாலும் தொடுதலாலும் கஷாயத்தாலும் அவை திரும்பி வருவதில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் முதலாக இன்சுலின் போடும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் ஓரிரு ஆண்டில் இறந்துபோனார்கள். உலகில் எந்த மருத்துவ முறையும் அவர்களைக் காப்பாற்றவில்லை. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, வாயில் பழ வாடை, அசதித் தூக்கம், இவை கழிவு வெளியேறுவது அல்ல, இரத்தம் அமிலமாகிக்கொண்டிருப்பது. நாள்கணக்கு வேண்டாம், மணிக்கணக்கில் உயிர் போகும்.

இன்சுலின், வலிப்பு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, காசநோய் மருந்து, தைராய்டு மாத்திரை, எதுவாக இருந்தாலும் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஊசி போட்டுக்கொள்ளப் போகும் நாளிலும் காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டே போங்கள். யாருடைய பேச்சையாவது கேட்டு ஏற்கெனவே நிறுத்திவிட்டு, இந்த அறிகுறிகளோடு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை படுத்திருந்தால், இதழை மூடி வையுங்கள். 108-ஐ அழையுங்கள்.